ஆள் அனுப்புகிறோம்

காலுக்குக் கீழே பெட்டி நகர்ந்தது.

லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் கிரீஸ் டப்பாவோடு குந்தியிருந்தவன் முதலில் அதை நம்பவில்லை. சுவர்தான் மேலே போகிறது என்று ஒரு கணம் நினைத்தான். ஐந்தாவது மாடிக் கதவின் அடிவிளிம்பு இடுப்புக்கு ஏறி, கண்ணுக்கு ஏறி, தலைக்கு மேலே போனது. அதற்குப் பிறகுதான் உடம்புக்கு விஷயம் புரிந்தது. கையை நீட்டிக் கூரையில் இருந்த ஸ்டாப் பட்டனைக் குத்தினான். ஒன்றும் ஆகவில்லை. ஆகாது என்று அவனுக்கே தெரியும். போன தடவை வந்தபோதே அது செத்துப்போயிருந்தது. அடுத்த தடவை மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டது அவன்தான்.

எழுந்திருக்கப் பார்த்தான். கிரீஸ் வழுக்கியது. இடது கால் கூரையின் ஓரத்தைத் தாண்டி, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் கணுக்கால்வரை இறங்கிவிட்டது. வெளியே இழுத்தான். ஷூ எதிலோ மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

மூன்றாவது மாடியில் பெட்டி நின்றது. கதவு திறக்கும் சத்தம். யாரோ உள்ளே ஏறினார்கள். கத்த வாயைத் திறந்தான். மூச்சுதான் வந்தது. கதவு மூடியது. பெட்டி மறுபடியும் கிளம்பியது.

சுவரில் ஆள் உயரத்துக்கு ஒன்றாகப் பதித்திருக்கும் இரும்புப் பட்டைகளில் ஒன்று கீழேயிருந்து தன் பாதத்தை நோக்கி வருவதை அவன் பார்த்தான். அது பாட்டுக்கு நிதானமாக வந்தது. அப்போது அவன் செய்தது யோசித்துச் செய்ததில்லை. கூரையில் ஒரு சின்ன அவசரக் கதவு உண்டு. அதைத் திறந்தால் லிஃப்ட் நின்றுவிடும். கையில் பட்ட கொக்கியைத் தள்ளி, இரும்புப் பலகையைத் தூக்கினான்.

பெட்டி குலுங்கி நின்றது. பட்டை பாதத்தின் அடியைத் தொட்டு அழுத்திக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு விரற்கடை இறங்கியிருந்தால் எலும்பு.

திறந்த சதுரத்தின் வழியாகக் கீழே பார்த்தான். மூன்றாவது மாடி டீச்சர் ஒரு கையில் குடையும் ஒரு கையில் பையுமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓய்வுபெற்று வருஷக்கணக்கானாலும் அந்தக் கட்டிடத்தில் எல்லாருக்கும் அவள் டீச்சர்தான்.

"தம்பி, நீங்க எதுக்கு அங்க இருக்கீங்க?" என்றாள்.

அவன் என்ன சொல்வான்? லிஃப்டைப் பார்க்க வந்ததாகச் சொன்னான்.

"பாத்தாச்சா?"

பெட்டி நகர்ந்த காரணம் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. மொட்டைமாடியில் இருக்கிற மெஷின் ரூமில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கூரைமேல் இறங்க வேண்டும். கம்பெனியில் இருந்த காலத்தில் இதற்கு இரண்டு பேர். ஒருத்தன் மேலே சுவிட்சுக்குப் பக்கத்தில், ஒருத்தன் கீழே. கீழே இருக்கிறவன் 'ஆஃப்' என்று குரல் கொடுப்பான். மேலே இருக்கிறவன் கைப்பிடியை இறக்கி, கையை அதிலிருந்து எடுக்காமல் 'ஆஃப்' என்று திருப்பிச் சொல்வான். திருப்பிச் சொல்லும்வரை ஒரு ஈ கூட நகராது. ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் அப்படித்தான். அவனுக்கு எதிர்க்குரல் கொடுத்தவன் ரேடியோ. வாய் ஓயாமல் பேசுகிறவன் என்பதால் அந்தப் பெயர். பல வருஷம் இரண்டு பேரும் ஊரில் உள்ள லிஃப்ட் குழிகளில் எல்லாம் மாறி மாறிக் கத்தியிருக்கிறார்கள்.

கம்பெனியை விட்டுத் தனியாக வந்தபோது ரேடியோவையும் கூப்பிட்டான். எனக்கு ஒண்ணாம் தேதின்னா சம்பளம் வரணும்டா, அது எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியவேண்டாம் என்று சொல்லிவிட்டான் ரேடியோ. இவனுக்கு அங்கே முடியவில்லை. காலையில் கையில் கொடுக்கிற வேலையை முடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு லிஃப்டையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் ஓட வேண்டும். ஒரு லிஃப்ட் மேலிருந்து கீழ்வரை போகும் சத்தத்தை முழுசாகக் கேட்காமல் அதை விட்டு வருவது அவனுக்கு எப்படியோ இருந்தது. தன் வேலை என்றால் நின்று கேட்கலாம் என்று நினைத்துத்தான் வந்தான்.

வந்த பிறகு அவனே எல்லாம். போன் அடித்தால் குரலை லேசாகத் தாழ்த்திக்கொண்டு, "சொல்லுங்க, குறிச்சுக்கறோம், ஆள் அனுப்பறோம்" என்பான். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு அவனே ஆளாகப் போவான். மெஷின் ரூமிலும் அப்படித்தான். பழக்கதோஷம், 'ஆஃப்' என்று வாய் சொல்லும். பதில் வராத வெறுமை பிடிக்காமல் 'ஆஃப்' என்று அவனே திருப்பியும் சொல்லிக்கொள்வான். இன்றைக்குச் சுவிட்சுக்கு முன்னால் நிற்கும்போது கட்டிடத்தின் செயலாளர் போன் செய்தார். சாயங்காலம் கூட்டம் இருக்கிறது, லிஃப்டை உங்களிடமே விடுவதா கம்பெனிக்குக் கொடுப்பதா என்று இன்றைக்கே முடிவு பண்ணிவிடுவோம், அதற்குள் அந்தக் கிறீச் சத்தம் போயிருந்தால் உங்களுக்கு நல்லது என்றார். பேசி முடித்துப் போனைப் பைக்குள் போட்டான். 'ஆஃப்' என்றான். 'ஆஃப்' என்றான். ரூமைப் பூட்டிக்கொண்டு இறங்கினான். கைப்பிடியின்மேல் கை போகவே இல்லை.

கம்பெனியில் அவசரம் மேனேஜருடையது. இங்கே அவசரமும் சொந்தம்.

இந்தக் கட்டிடம் போனால் மற்றவையும் ஒவ்வொன்றாகப் போகும் என்று அவனுக்குத் தெரியும். அவன் கையில் இருப்பதிலேயே பெரியது இதுதான். மற்ற இடங்களில் யாராவது இழுத்தால் இந்தக் கட்டிடத்தின் பெயரைச் சொல்லித்தான் பேசுவான். இதுவும் போனால் திரும்பக் கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும். 'இடம் காலியாத்தான் இருக்கு' என்று மேனேஜர் எங்கே பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யணும் இப்ப?" என்றாள் டீச்சர்.

முதலில் இந்தக் கதவு மூடக்கூடாது என்றான். மூடினால் மின்சாரம் சேர்ந்துவிடும். அப்புறம் எந்த மாடியில் யார் பட்டனை அழுத்தினாலும் பெட்டி நகரும். கால் விஷயத்தையும் சொன்னான். அவள் முகம் மாறியது. பையைத் தரையில் வைத்தாள். அவன் தூக்கிப் பிடித்திருந்த பலகை கனமானது, கயிறு இடிப்பதால் மல்லாத்திப் போடவும் முடியாது. அவள் நுனிக்காலில் எழும்பிக் குடையை நிமிர்த்தி நீட்டினாள். இவன் அதன் நுனியைப் பலகையின் கீழ் மூலையில் முட்டுக்கொடுத்தான். பிடியைக் கீழே அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கையை எடுத்தாத்தான் போன் பண்ண முடியும். எடுக்கலாமா?"

"மெதுவா எடுங்க டீச்சர்."

பெட்டிக்குள் பட்டன்களுக்கு மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அவசரத்துக்கு அழைக்கவும் என்று எழுதி, அதன் கீழே ஒரு எண். டீச்சர் கண்ணை இடுக்கிக்கொண்டு அந்த எண்ணைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தினாள். இவன் வேண்டாம் என்று சொல்வதற்குள் அழைப்பு போய்விட்டது.

இரண்டு பேரும் காதைக் கொடுத்துக் காத்திருந்தார்கள். வெகு உயரத்தில், கயிறுகள் இறங்கி வருகிற துளைகளின் வழியாக, பூட்டிய ரூமுக்குள்ளிருந்து ஒரு மணிச் சத்தம் லேசாகக் கேட்டது.

"யாரும் எடுக்க மாட்டேங்கறாங்களே" என்றாள் டீச்சர்.

"அது நான்தான் டீச்சர்."

அவள் போனைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். மணி அடித்து ஓய்ந்தது.

"எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம் தம்பி. ஆள் அனுப்பறோம்னு சொல்ற குரலும் வர்ற ஆளோட குரலும் ஒரே மாதிரி இருக்கேன்னு. ஒருவேளை அண்ணன் தம்பியா இருக்கும்னு நினைச்சேன்."

வேறு சமயமாக இருந்தால் அவனும் சிரித்திருப்பான். குழிக்குள் இறங்கும்போது போனைப் பையில் விட்டுவிட வேண்டும், விழுந்தால் கீழே இருக்கிறவன் தலையில் விழும் என்பது கம்பெனி சட்டம். அதை இன்னும் ஒழுங்காகக் கடைப்பிடித்துவந்தான். போனை வாங்கி வைத்துக்கொள்ள ஒருத்தன் இருக்கிறான் என்று நம்பிப் போட்ட சட்டம் அது.

செயலாளரைக் கூப்பிடுகிறேன் என்றாள் டீச்சர். மீட்டர் அறைச் சாவி அவரிடம் இருக்கிறது, மொத்தக் கட்டிடத்துக்கும் மின்சாரத்தை அணைத்துவிடலாம்.

"அவர் வேண்டாம்."

"ஏன்?"

சாயங்காலக் கூட்டத்தில் உட்காரப்போகிறவர்களில் அவளும் ஒருத்தி. விளக்கத் தேவையிருக்கவில்லை.

"கால் பெரிசா, லிஃப்ட் பெரிசா?" என்றாள். குரல் வகுப்பறைக் குரலாகியிருந்தது.

கீழே எங்கேயோ பேச்சுச் சத்தம் கேட்டது. தரைத்தளத்தில் யாரோ பட்டனை அழுத்தினார்கள். மேலே மெஷின் ரூமில் பெட்டியைக் கிளப்பும் ரிலே 'டக்' என்று தட்டி விழுந்தது. மறுபடியும் அழுத்தினார்கள். மறுபடியும் 'டக்'. குடை லேசாக நகர்ந்தது. பலகை ஒரு நூல் இறங்கியது. இவன் இரண்டு கையையும் அதன் கீழே கொடுத்தான். உள்ளங்கையில் கிரீஸ், பிடி நிற்கவில்லை. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு குடையை மேலே அழுத்தினாள். கீழே இருந்தவர்கள் இந்த லிஃப்ட் என்றைக்கு ஒழுங்காக வந்தது என்று சொல்லிக்கொண்டே படியேறிப் போனார்கள்.

"ஒரு நம்பர் சொல்றேன், போடுங்க" என்றான்.

மனப்பாடமாகத் தெரிந்த எண் அவனுக்கு அது ஒன்றுதான். ரேடியோவுடையது. ரேடியோவைக் கூப்பிடுவது என்றால் கம்பெனியைக் கூப்பிடுவது போல. இந்தக் கட்டிடத்துக்காக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருக்கிற கம்பெனி. அது தெரிந்துதான் சொன்னான். டீச்சர் போனை அவன் முகத்துக்குப் பக்கமாக உயர்த்திப் பிடித்தாள்.

ரேடியோ எடுத்ததுமே யாரு, எந்த ஏரியா, நாங்க இப்ப வேற இடத்துல இருக்கோம் என்று ஆரம்பித்தான்.

"நான்தான்டா. உங்க கம்பெனி கேக்கற கட்டிடம்தான், மூணாவது மாடிக்குக் கீழ பெட்டிக் கூரைமேல இருக்கேன். கால் மாட்டியிருக்கு."

ரேடியோ நின்றுபோயிற்று. அவ்வளவு நீளமான மௌனத்தை அவனிடமிருந்து இவன் கேட்டதே இல்லை.

"மெயின் ஆஃபா?"

"இல்ல."

"கூட யாரு?"

"யாருமில்ல."

"கதவை விடாத" என்றான் ரேடியோ. "வரேன்."

அவன் வரும்வரை டீச்சர் பேசிக்கொண்டே இருந்தாள். பயத்தை மறைக்கப் பேசுகிறாள் என்று தெரிந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தவள். உடம்புக்கு முடியாத நாளில் லீவு சொன்னால் போதும், வகுப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். ஆனால் போர்டில் எழுதுகிற தேதியிலிருந்து கூந்தலை எப்படி முடிவது என்பதுவரை தலைமையாசிரியரைக் கேட்க வேண்டும். உங்களை மாதிரி யாரையும் கேட்காமல் இருக்க வேண்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன் என்றாள். இவனுக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. யாரையும் கேட்காமல் இருப்பது எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நேரத்தில் அவன் ஏதாவது கெட்ட வார்த்தை சொல்லியிருப்பான்.

மூன்றாவது மாடிக் கதவு அவன் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அதில் லிஃப்ட் வேலைக்காரர்கள் எல்லாரிடமும் இருக்கிற சாவி திரும்பும் சத்தம். கதவு விலகியது. ரேடியோ நின்றான். மூச்சு வாங்கியது. கம்பெனிச் சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தான். கம்பெனி முத்திரை தெரியவில்லை. தையல் நூல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. வேறு ஆளுடைய லிஃப்டில் கை வைத்தால் கம்பெனி அன்றைக்கே கணக்கை முடித்துவிடும்.

பார்த்தான். கால், பட்டை, குடை, குடையைப் பிடித்திருந்த கைகள். கையை மட்டும் நீட்டினான். இவன் இடுப்பிலிருந்து மெஷின் ரூம் சாவியை எடுத்துக் கொடுத்தான். ரேடியோ படியேறும் சத்தம் மேலே மேலே போய்த் தேய்ந்தது.

பிறகு கயிற்றுத் துளைகளின் வழியாகக் குரல் வந்தது. இந்தத் தடவை மேலே இருக்கிறவன்தான் முதலில்.

"ஆஃப்."

திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேலே இருக்கிறவன் வேறு எதையும் தொடமாட்டான்.

"என்ன தம்பி, அவர் ஏதோ சொல்றாரு" என்றாள் டீச்சர்.

"ஆஃப்" என்றான்.

குடையை எடுத்துவிடலாம் என்று அவளிடம் சொன்னான். அவள் எடுக்கவில்லை.

இனிமேல் கையால்தான். மேலே மோட்டார் சக்கரத்தின் பிரேக்கை ஒரு கையால் தளர்த்தி, இன்னொரு கையால் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். வேண்டிய பக்கம் திருப்பினால் பெட்டி ஏறும், பட்டை காலை விடும். மாற்றித் திருப்பினால் இறங்கும். பிரேக் ஒரு கணம் அதிகமாகத் தளர்ந்தாலும் இறங்கும்.

"ஒரு விரல் ஏத்து" என்று கத்தினான்.

"ஒரு விரல் ஏத்து" என்றது மேலே.

பெட்டி முனகியது. ஏறவில்லை. முடி கனத்துக்குக் கீழே போயிற்று. பட்டை உள்ளங்காலுக்குள் நுழைவதுபோல் இருந்தது. இவன் வாயிலிருந்து வந்த சத்தத்துக்கு டீச்சர் குடையோடு சுவரில் சாய்ந்தாள்.

"நில்லு."

"நில்லு."

நின்றது. வலி கண்ணுக்குள் வெள்ளையாக இருந்தது. தப்புப் பண்ணிட்டியா என்று கேட்க நினைத்தான். கேட்கக் கூடாது. இந்த மாதிரி நேரத்தில் வேறு ஒரு வார்த்தையும் குழிக்குள் போகக் கூடாது என்பதுதான் முறை. மேலே இருக்கிறவன் பார்க்காத இடத்தில் இவன் கால் இருக்கிறது. இவன் பார்க்காத இடத்தில் அவன் கை இருக்கிறது.

"ஒரு விரல் ஏத்து."

"ஒரு விரல் ஏத்து."

ஏறியது. பட்டை பாதத்தை விட்டது. காலை இழுத்தான். ஷூ அங்கேயே இருந்தது, கால் மட்டும் வந்தது.

"நில்லு."

"நில்லு."

அப்புறம் பெட்டியை மூன்றாவது மாடிக்கு ஏற்றினார்கள். டீச்சர் வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். இவனும் ஒரு காலில் தத்தி இரண்டு படி தள்ளி உட்கார்ந்தான். ரேடியோ இறங்கி வந்து சாவியைக் கொடுத்தான். எலும்பு உடைந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தான். உடையவில்லை.

"ஸ்டாப் பட்டன்?" என்று கேட்டான்.

இவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் இங்க வரலை" என்றான் ரேடியோ. போய்விட்டான்.

டீச்சர் குடையைத் துடைத்தாள். கிரீஸ் போகவில்லை.

"கூட்டத்துல நான் பொய் சொல்லமாட்டேன் தம்பி. கேட்டாலும் சொல்லுவேன், கேக்காட்டாலும் சொல்லுவேன்."

"சரி டீச்சர்."

"அந்த நம்பரை எத்தனை பேர் நம்பிக்கிட்டு ஏறி இறங்கறோம். மேல ஒரு பூட்டின ரூம்ல அடிக்குது." குடையை மடியில் வைத்துக்கொண்டாள். "ஆனா வந்தது யாருன்னு கேட்டா எனக்குத் தெரியாது. கண்ணாடி வீட்டுல இருக்கு."

வீட்டில் மனைவி காலைப் பார்த்துவிட்டு தண்ணீர் சுடவைத்தாள். நடந்ததைச் சொன்னான். முழுக்கச் சொல்ல வேண்டாம் என்று நினைத்து ஆரம்பித்து முழுக்கச் சொல்லிவிட்டான். அவள் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"எனக்கு ஏன் பண்ணலை?"

"உன் நம்பர் போன்ல இருக்கு."

"அவர் நம்பர்?"

அவள் துணியைக் கொஞ்சம் அழுத்தியே சுற்றினாள்.

இருட்டுவதற்கு முன் செயலாளர் பேசினார். வருத்தமாகத்தான் பேசினார். உங்கள் வேலையில் யாரும் குறை சொல்லவில்லை, கூப்பிட்டால் எடுக்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள் என்றார். கம்பெனியில் நாளைக்கே வருகிறார்களாம். சாவியைக் கொடுத்துவிட முடியுமா? இவன் முடியும் என்றான். சொந்தக் குரலிலேயே சொன்னான்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கம்பெனிக்குப் போறீங்களா என்று கேட்டாள். போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தெரியலை என்றான்.

மறுநாள் காலையில் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் துணிக்கட்டுமாக அந்தக் கட்டிடத்துக்குப் போனான். மேனேஜர் வந்திருந்தார். பக்கத்தில் ரேடியோ, சட்டையைச் சரியாகப் போட்டுக்கொண்டு நின்றான். செயலாளர் முன்னால் இவன் சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தான். "தேங்க்ஸ் சார்" என்று ரேடியோ வாங்கிக்கொண்டான். ஸ்டாப் பட்டன் வேலை செய்யாது, முதலில் அதை மாற்ற வேண்டும் என்று இவன் சொன்னான். சரி சார் என்றான் ரேடியோ. குழியிலிருந்து எடுத்ததாக ஒரு ஷூவைக் கொடுத்தான்.

இடம் இன்னும் காலிதான், திங்கட்கிழமை வந்துடுங்க என்று மேனேஜர் சொன்னார். இவன் வரவில்லை என்றான். காலைப் பாருங்க என்றார் அவர். பார்த்தேன் சார் என்றான். பெட்டிக்குள் போய், பட்டன்களுக்கு மேலே இருந்த ஸ்டிக்கரைப் பிளேடால் சுரண்டி எடுத்தான். ஓரத்தில் பசை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றது.

அங்கிருந்து, இன்னும் அவன் பார்த்துவருகிற ஒரு துணிக்கடைக்குப் போனான். அங்கே சரக்கு ஏற்றும் லிஃப்டுக்குக் கிரீஸ் வைக்க வேண்டியிருந்தது. மெஷின் ரூமில், போனை ஒரு கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரேடியோவைக் கூப்பிட்டான். ரேடியோ எங்கேயோ சத்தத்துக்கு நடுவில் இருந்தான்.

"ஆஃப்" என்றான் இவன்.

"கையை வச்சுப் பாத்தியா?"

கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தான். கீழே இறங்கியிருந்தது.

"வச்சிருக்கேன்."

"ஆஃப்" என்றான் ரேடியோ.

ரூமைப் பூட்டிக்கொண்டு இறங்கினான். வேலை முடிய மத்தியானமாகிவிட்டது. கால் வீங்கியிருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் மனைவியின் போன் எண்ணை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான். கடைசி இரண்டு எண்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தன.